ஜப்பானியர் காலத்துக்குப் பிறகு: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் அன்றாட வாழ்வு எப்படி மீண்டது?

1945 ஆகஸ்ட் 15ஆம் நாள் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பர் முதல் வாரத்தில் பிரிட்டிஷ் படைகள் பினாங்கில் இறங்கின. மூன்றரை ஆண்டு ஆக்கிரமிப்பு முடிந்தது. அதன் பிறகு மலாயாவின் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களின் அன்றாட வாழ்வு எப்படி மீண்டது என்ற கேள்விக்கு அதிகாரிகளும் தோட்ட நிர்வாகிகளும் வரலாற்றாசிரியர்களும் தொழிற்சங்கத்தினரும் நாவலாசிரியர்களும் எண்பது ஆண்டுகளாக விடை சொல்லி வருகிறார்கள். உற்பத்தி விரைவில் திரும்பியது என்றார்கள் சிலர். பழைய தோட்டம் திரும்பவே இல்லை, தொழிலாளி மாறிவிட்டார் என்றார்கள் வேறு சிலர். ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையில் செத்தவர்களை வைத்துப் பார்த்தால் மீட்சி என்று பேசுவதே பொருந்தாது என்பவர்களும் உண்டு.

இந்த விடைகள் பெரும்பாலும் கெடா, பேராக், சிலாங்கூர், ஜோகூர் மாநிலங்களின் ரப்பர் தோட்டங்களை வைத்து எழுதப்பட்டவை. மலாயாவில் ரப்பர் முப்பது லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்திருந்தது. தேயிலையின் பரப்பு சில ஆயிரம் ஏக்கர்தான். ஆகவே ரப்பருக்குச் சொன்னது தேயிலைக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இக்கட்டுரை அந்த விடைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எங்கே பலவீனப்படுகிறது என்று பார்க்கிறது. பகாங் மாநிலத்துக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை உரைகல்லாக எடுத்துக்கொள்கிறது.

மலையும் ஒற்றைப் பாதையும்

கேமரன் மலைக்குப் பெயர் தந்த நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885இல் அந்த மேட்டுநிலத்தைப் பற்றி எழுதினார். குடியேற்றமும் பயிர்த்தொழிலும் வர இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ. பி. மில்னுடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து மலைச்சாலை 1930களின் தொடக்கத்தில் முழுமை பெற்றது. 1933இல் வட இந்தியாவிலிருந்து வந்த ஷுபர்ஷாத் பன்சால் அகர்வால் பாரத் தோட்டத்துக்கு வித்திட்டார். கம்போங் ராஜா பக்கம் ப்ளூ வேலி தோட்டம் எழுந்தது. காட்டை வெட்டி, சரிவில் கன்று நட்டு, லயம் கட்டிக் குடியேறிய தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்.

ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8இல் கோத்தா பாருவில் இறங்கியபோது இம்மலையின் மிகப் பழைய வணிகத் தேயிலைச் செடிக்கு வயது பன்னிரண்டுதான். அங்கிருந்த சமூகமும் அதே அளவு இளையது. உதவிப் பயணத்தில் உடலுழைப்புத் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்திவிட்டது. எனவே புதிய ஆள் வரத்து குறைந்துபோய், வேரூன்றவும் நேரமில்லாத நிலையில் இக்குடும்பங்களைப் போர் பிடித்தது. கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இரண்டாம் தலைமுறை வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகிறது.

இன்னும் இரண்டு நிலைமைகளையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஆயிரம் மீட்டருக்கு மேலான இந்தக் குளிர்மலைத் தோட்டங்களில் நெல் பயிராகவில்லை. மலாயாவே தன் அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கியது. மலைக்கோ அந்த அரிசி தாப்பாச் சாலை வழியாகத்தான் ஏற வேண்டும். அடுத்து, இம்மலை நிர்வாகத்தில் பகாங்கைச் சேர்ந்தது, போக்குவரத்திலோ பேராக்கைச் சேர்ந்தது. அந்த எல்லை மலைத்தொடரின் காடுகள் மலாயா மக்களின் ஜப்பானிய எதிர்ப்புப் படை நடமாடிய இடங்கள். பீடோருக்கு மேலே பிளாந்தான் முகாமில்தான் அப்படையும் நேசநாடுகளின் 136ஆம் படைப்பிரிவும் 1943 டிசம்பர் இறுதியில் உடன்பாடு கண்டன. ஜப்பானிய நிர்வாகம் சாலையில் இருக்க, கெரில்லாக்கள் காட்டில் இருக்க, தோட்டங்கள் இரண்டுக்கும் நடுவில் இருந்தன.

முதல் விடை: ஒழுங்கு திரும்பியது

மிகப் பழைய விடை நிர்வாகத்தினுடையது. 1945 செப்டம்பரிலிருந்து 1946 மார்ச் இறுதி வரை நாட்டை ஆண்ட பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகமும் பின்னர் வந்த மலாயன் யூனியன், மலாயா கூட்டரசு அரசுகளும் தொழில்துறை அறிக்கைகளில் இதைச் சொல்லின. சிறைமுகாம்களில் வாடிய துரைமார்கள் உடல் தேறித் திரும்பினார்கள், தோட்ட மருத்துவமனைகளுக்கு மருந்து வந்தது, கூலி ஒழுங்காகக் கொடுக்கப்பட்டது, உற்பத்தி எழுந்தது. ரப்பரைப் பொறுத்தவரை இது கண்கூடு. 1947இல் மலாயாவின் ரப்பர் உற்பத்தி 6,00,000 டன்னைத் தாண்டி, போருக்கு முன்பிருந்த அளவையே விஞ்சியது.

இந்த விடையின் வலிமை அதன் கணக்குகள். அரிசிப் பங்கீடு, நாட்கூலி, ஏற்றுமதி என்று மாதவாரியாகப் பின்தொடர முடிகிறது. பிற்கால ஆய்வாளர்களும் இவற்றை நம்பியே நிற்கிறார்கள். பால் க்ரடோஸ்கா 1998இல் வெளியிட்ட ஜப்பானிய ஆக்கிரமிப்பு பற்றிய சமூகப் பொருளாதார வரலாறு, இத்தகைய ஆவணங்களைக் கொண்டே உணவு, துணி, பணம் ஆகியவற்றின் கதையைக் கட்டியெழுப்பியது.

பலவீனம் இரண்டு. முதலாவது, விளைச்சல் ஏறியதை வாழ்க்கை ஏறியதாக எடுத்துக்கொள்வது. பிரிட்டிஷார் திரும்பியதும் ஜப்பானிய வாழைமர நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மூன்றரை ஆண்டு உழைத்து முடிந்துவைத்த கூலி ஒரே நாளில் காகிதமாயிற்று. அரிசிப் பங்கீடு போதாமல் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் போர் முடிந்த பிறகும் அடுப்பில் வெந்தன. கள்ளச்சந்தை எந்த அளவுக்கு மலிந்தது என்றால், ராணுவ நிர்வாகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்துக்கே மக்கள் கள்ளச்சந்தை நிர்வாகம் என்று விரிவு சொன்னார்கள். இரண்டாவது, யாருடைய ஒழுங்கு திரும்பியது என்ற கேள்வியை இந்த விடை எழுப்புவதில்லை. அதிகாலைப் பெரட்டு, கங்காணியின் அதிகாரம், துரை பங்களாவுக்கும் லயத்துக்கும் இடையிலான தூரம் ஆகியவை மீண்டதைத் தொழிலாளி மீட்சியாகக் கருதினாரா என்று அறிக்கைகள் கேட்கவில்லை.

இரண்டாம் விடை: தொழிலாளி மாறிவிட்டார்

1960களிலிருந்து தொழிலாளர் வரலாற்றாசிரியர்கள் இதற்கு எதிரான விடையை முன்வைத்தார்கள். மலாயாவின் தொழிற்சங்கத் தோற்றம் பற்றிச் சார்லஸ் காம்பா 1962இல் எழுதினார். மைக்கேல் ஸ்டென்சன் 1970இலும் 1980இலும் வெளியிட்ட நூல்கள் தொழில் மோதல்களையும் இந்தியர்களின் வர்க்க நிலையையும் ஆராய்ந்தன. பி. ராமசாமி 1994இல் தோட்டத் தொழிலாளர், சங்கம், மூலதனம், அரசு ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தார். இவர்களுக்குள் வேறுபாடுகள் உண்டு. ஆனாலும் ஆக்கிரமிப்புக் காலம் வெள்ளைத் துரையின் வெல்லமுடியாமை என்ற எண்ணத்தை உடைத்தது, உடைந்தது மறுபடி ஒட்டவில்லை என்பதில் பெரிதும் உடன்படுகிறார்கள்.

அடுக்கிவைக்கச் சான்றுகள் ஏராளம். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். அக்டோபர் 21இல் ஆசாத் ஹிந்த் அரசு அறிவிக்கப்பட்டது. தோட்டத்து ஆண்கள் இந்திய தேசிய ராணுவத்திலும் பெண்கள் ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தார்கள். கங்காணிக்கு முன் குனிந்து நின்றவர் சீருடையில் அணிவகுத்தார். போர் முடிந்ததும் இந்த அனுபவம் தோட்டத்துக்குள் வந்தது. 1946இல் கெடாவின் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடை மறியல் செய்தது, ஒழுக்கமும் சுயமரியாதையும் பேசியது. 1947இல் பீடோங் வட்டாரத்தில் போலீசாருடன் மோதல்கள் மூண்டன. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனம் ரப்பர் தோட்டங்களில் வேர்விட்டது. 1948 ஜூனில் சட்டத் திருத்தத்தால் அது முடக்கப்பட்டது. அதன் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4இல் தூக்கிலிடப்பட்டார். 1954இல் பி. பி. நாராயணன் முன்னின்று நடத்திய ஒருங்கிணைப்பில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

தொழிலாளிக்குத் தன் வாழ்வைத் தானே மாற்றிய மனிதர் என்ற இடத்தைக் கொடுத்தது இந்த விடையின் பெருமை. அதன் மீது மூன்று ஐயங்கள் எழுகின்றன. முதலாவது, காரணத்தை ஆக்கிரமிப்பில் மட்டும் வைப்பது சரியா? 1941இல், ஜப்பானியர் வருவதற்கு முன்பே, ஆர். எச். நாதன் முதலானோர் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தங்களில் கூலி உயர்வோடு சேர்த்து, வெள்ளையரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கக் கோரினார்கள். கள்ளுக்கடைகளை மூடக் கோரினார்கள். பெண்களுக்கு நேரும் தொல்லையை நிறுத்தக் கோரினார்கள். விழிப்பு போருக்கு முன்பே தொடங்கியிருந்தது. இரண்டாவது, படையில் சேர்ந்த எல்லாரையும் ஒரே நோக்கத்துக்குள் அடைக்க முடியாது. நாட்டுப்பற்றும் உண்டு, சோற்றுக்கும் சயாம் ரயில் வேலையிலிருந்து தப்பவும் சேர்ந்தவர்களும் உண்டு. மூன்றாவது, இந்த வரலாற்றின் நிலவியல். கெடாவும் சிலாங்கூரும் தோட்டத்துக்குத் தோட்டம் நடந்தே போகக்கூடிய சமவெளிகள். சைக்கிளில் ஏறிய ஒரு சங்க ஊழியர் ஒரு நாளில் பல லயங்களைக் கண்டுவிடலாம். ஒன்றிலிருந்து ஒன்று பள்ளத்தாக்குகளால் பிரிந்த மலைத் தோட்டங்களுக்குள் அதே வேகத்தில் சங்கம் பரவியது என்று கொள்ள இடமில்லை.

மூன்றாம் விடை: நிரம்பாத இடம்

மூன்றாவது விடை இழப்பிலிருந்து தொடங்குகிறது. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். ஜப்பானியக் கணக்கின்படி மலாயாவிலிருந்து சுமார் 78,000 தொழிலாளர் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தோட்டத் தமிழர். அதே கணக்கு ஏறத்தாழ 30,000 பேர் இறந்ததாகச் சொல்கிறது. நேசநாடுகளின் மதிப்பீடு அதைவிட மிகக் கூடுதல். காலரா, மலேரியா, பட்டினி, அடி ஆகிய நான்கும் சேர்ந்து கொன்றன. போர்க்கைதிகளாக இறந்த வெள்ளையருக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் பெயரில்லாத கூட்டுப் புதைகுழிகளில் கிடந்தன.

ஆய்வுலகில் இதை முன்னெடுத்தவர்களில் ஜப்பானிய வரலாற்றாசிரியர் நகஹாரா மிச்சிகோ குறிப்பிடத்தக்கவர். ஆனால் இவ்விடையை முதலில் உயிரோடு வைத்திருந்தவர்கள் மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள் அரசாங்க ஆவணங்களில் இல்லாத வீட்டுத் துயரத்தைப் பதிவு செய்தன. கணவன் செத்தானா இருக்கிறானா என்று தெரியாமல் பொட்டோடு இருப்பதா, அழிப்பதா என்று தவித்த பெண்ணின் நிலையை எந்தத் தொழில்துறை அறிக்கையும் எண்ணிப் பார்க்கவில்லை.

இழப்பீடு என்று வந்தபோதும் இக்குடும்பங்கள் ஓரத்தில் நின்றன. 1967இல் ஜப்பானும் மலேசியாவும் செய்துகொண்ட ஒப்பந்தம் 2.5 கோடி வெள்ளி மதிப்புள்ள பொருளுதவியோடு முடிந்தது. அரசுக்குக் கப்பல்கள் கிடைத்தன. ரயில் பாதையில் இறந்தவரின் பிள்ளைகளுக்குத் தனித்தனியே எதுவும் சேரவில்லை. அண்மை ஆண்டுகளில் காஞ்சனபுரியில் தமிழர் நினைவாக நடுகல் நாட்டப்பட்டது, இந்தத் தலைமுறை தானே எடுத்துக்கொண்ட கடமை.

இழப்பை முன்வைக்கும் விடையின் அறவலிமையை மறுக்க முடியாது. ஆய்வுமுறையில் அது இரண்டு இடங்களில் கவனம் கோருகிறது. மக்கள்தொகைக் கணக்கைச் சிலர் நேரடிச் சான்றாக எடுக்கிறார்கள். சிங்கப்பூரையும் சேர்த்து மலாயாவில் 1931இல் சுமார் 6,20,000 இந்தியர் இருந்தார்கள், 1947இல் சுமார் 6,00,000. எண்ணிக்கை குறைந்தது உண்மை. ஆனால் இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளில் 1930களின் பெருமந்தத்தால் பெருந்திரளாகத் திருப்பி அனுப்பப்பட்டவர்களும், பிறகு மீண்டும் வந்தவர்களும், 1938 தடையும் இருக்கின்றன. போரின் பங்கை மட்டும் இந்த இரு எண்களிலிருந்து பிரித்தெடுக்க இயலாது. அடுத்து, சயாம் பாதையே ஆக்கிரமிப்பின் முழுக்கதையாக ஆகிவிடும்போது, தோட்டத்திலேயே தங்கி மெல்லப் பட்டினியில் தேய்ந்தவர்கள் கதைக்கு வெளியே போய்விடுகிறார்கள்.

நான்காம் விடை: திரும்பும் வழி அடைந்தது

இன்னொரு வரிசை ஆய்வாளர்கள் மீட்சியைக் கடலோடு சேர்த்துப் பார்த்தார்கள். கெர்னியல் சிங் சந்து 1969இல் எழுதிய குடியேற்ற வரலாறும், சின்னப்பா அரசரத்தினத்தின் நூலும், அண்மையில் சுனில் அம்ரித் 2013இல் வெளியிட்ட வங்கக் கடல் வரலாறும் இப்பார்வையின் தூண்கள். ரவீந்திர ஜெயின் ஒரு ரப்பர் தோட்டத்தில் தங்கிச் செய்து 1970இல் வெளியிட்ட மானிடவியல் ஆய்வும் இதற்கு அருகில் நிற்கிறது.

இவர்கள் காட்டும் மாற்றம் தெளிவானது. போருக்கு முன் தோட்டத் தமிழர் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தார்கள். திருமணம், முதுமை, சாவு ஆகியவை ஊருக்குரியவை, வேலை தோட்டத்துக்குரியது. போர் இந்த ஓட்டத்தை வெட்டியது. 1931இல் மலாயா இந்தியரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே இம்மண்ணில் பிறந்தவர். 1947இல் ஏறத்தாழ பாதிப்பேர். இரு கரைகளுக்கும் இடையே ரஜூலா கப்பல் மீண்டும் ஓடியது உண்மைதான். ஆனால் 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதிய தொழிலாளர் வரவை அடைத்தது. 1957 விடுதலையோடு குடியுரிமை பற்றிய முடிவு குடும்பத்தின் முன் வந்து நின்றது. ஆக, மீட்சி என்பது பழைய வாழ்வுக்குத் திரும்புவதாக இருக்கவில்லை. லயமே ஊராகவும், தோட்டத்து மாரியம்மன் கோயிலே குலதெய்வத்துக்கு ஈடாகவும், பள்ளிக்கூடமே வருங்காலமாகவும் மாறியது.

கேமரன் மலைக்கு இவ்விடை சற்றே திருத்தத்தோடு பொருந்துகிறது. வேரூன்றத் தொடங்கிய பத்தே ஆண்டுகளில் வழி அடைபட்டதால், இங்கே அந்த மாற்றம் இன்னும் சுருங்கிய காலத்தில் நிகழ்ந்திருக்க வேண்டும். ஆனால் இப்பார்வைக்கும் ஓர் அபாயம் உண்டு. பின்னால் நடந்ததை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, தங்கிவிட்டவர்களின் கதையை மட்டும் அது சொல்லிவிடுகிறது. குடியுரிமை இல்லாத தொழிலாளருக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாக்கப்பட்ட 1960களின் இறுதியில் பல்லாயிரம் தோட்டத் தமிழர் இந்தியா திரும்பினார்கள். போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் பல குடும்பங்கள் இன்னும் முடிவெடுக்காமலே இருந்தன என்பதற்கு அதுவே சான்று. வீட்டை மீட்டெடுத்தவர்களுக்கு அது சொந்த நாட்டில் உள்ள வீடு என்ற உறுதி கிடைக்கவில்லை.

ஐந்தாம் விடை: அடுப்படியிலிருந்து

அண்மைய ஆய்வுகள் மீட்சியின் சுமையை யார் தூக்கினார்கள் என்று கேட்கின்றன. அருணிமா தத்தா 2021இல் வெளியிட்ட, மலாயாவின் இந்தியத் தோட்டப் பெண்களைப் பற்றிய நூல் இத்திசையில் முக்கியமானது. பெண்களை வெறும் பலியாட்களாகவோ வீராங்கனைகளாகவோ பார்க்காமல், சூழலுக்கேற்ப முடிவெடுத்துப் பிழைத்த மனிதர்களாகப் பார்க்கிறது அது.

இப்பார்வை தேயிலை மலைக்கு மிகவும் தேவையானது. தேயிலையில் கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்களின் கை. அந்தக் கையைச் சுற்றியே தோட்டத்தின் நாள் அமைகிறது. கூலி வாங்கும் அதே பெண்தான் பங்கீட்டு அரிசிக்கு வரிசையில் நிற்கிறாள், கிழங்கை அரிசியோடு கலந்து பிள்ளைகளுக்குப் பங்கிடுகிறாள், சாக்குத்துணியைத் தைத்து உடுத்துகிறாள். ஆள் போன வீட்டில் குடும்பத்தலைவியும் அவளே. விலைவாசியும் கூலியும் எப்படி இருந்தன என்று அறிக்கைகள் சொல்வது அவள் வீட்டு அடுப்பில்தான் உண்மையாகவோ பொய்யாகவோ ஆனது.

மூலங்கள் இங்கே பெரிய தடை. நீதிமன்ற வழக்குகளிலும் மருத்துவப் பதிவுகளிலும் பெண்கள் தோன்றுவது பெரும்பாலும் ஏதாவது தவறியபோதுதான். எல்லாம் ஓரளவு சரியாக நடந்த நாட்கள் பதிவாவதில்லை. மீட்சியோ அத்தகைய நாட்களால் ஆனது.

தேயிலை சொல்லும் வேறுபாடு

இந்த ஐந்து விடைகளையும் ரப்பரிலிருந்து தேயிலைக்குக் கொண்டுவரும்போது ஒரு பயிரியல் உண்மை குறுக்கே நிற்கிறது. பால் வெட்டாமல் விட்ட ரப்பர் மரம் கெட்டுப்போவதில்லை. பட்டை தேறி, மறுபடி கத்தி வைத்ததும் பால் தருகிறது. களை நீக்கி, கோப்பையும் கத்தியும் கிடைத்தால் சில வாரங்களில் வருமானம் தொடங்கிவிடும். 1947இன் உற்பத்தி உயர்வுக்கு இதுவும் ஒரு காரணம்.

தேயிலை அப்படியல்ல. கவாத்தும் கொழுந்தெடுப்பும் நின்றால் செடி மரமாக உயர்கிறது. பறிக்கும் மட்டம் கைக்கு எட்டாமல் போகிறது, களை மூடுகிறது, சரிவின் வடிகால்கள் தூர்ந்து மண் அரிக்கிறது. மீட்க வேண்டுமானால் ஆழமாகக் கவாத்து வெட்ட வேண்டும். வெட்டிய செடி மாதக்கணக்கில் கொழுந்து தராது. பறித்த இலையையும் உடனே வாட்டி, உருட்டி, நிறம் மாறவிட்டு, உலர்த்த வேண்டும். அதற்கு இயந்திரம், விறகு, எண்ணெய், தேர்ந்த ஆள் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும். ஆகவே பராமரிப்பு விடுபட்ட தேயிலைத் தோட்டத்தில் மீட்சியின் முதற்கட்டம், விளைச்சலே இல்லாத கடும் உழைப்பு.

இதன் சமூக விளைவுகளைக் கவனமாகவே சொல்ல வேண்டும். ரப்பர் தொழிலாளிக்கு 1946, 1947ஆம் ஆண்டுகளில் பேரம் பேசும் வலிமை இருந்தது. உலகம் ரப்பர் கேட்டது, பிரிட்டனுக்கு டாலர் தேவைப்பட்டது, ஒரு நாள் வேலைநிறுத்தமும் நிர்வாகத்துக்கு வலித்தது. கொழுந்தே வராத மாதங்களில் கவாத்து வெட்டிய தேயிலைத் தொழிலாளியின் வேலைநிறுத்தத்துக்கு அதே எடை இருந்திருக்காது. இரண்டாம் விடை போற்றும் எழுச்சி மலையில் மெல்லிதாக ஒலிப்பதற்குத் தொழிலாளரின் மனநிலையைக் காரணம் காட்டுவதைவிட, பயிரின் காலச்சுழற்சியையும் சாலையின் தூரத்தையும் காரணம் காட்டுவது நியாயம் என்று தோன்றுகிறது.

துறைமுகங்களோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். சிங்கப்பூரில் 1945 அக்டோபரிலேயே துறைமுகத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தினார்கள்; 1946 ஜனவரி இறுதியில் பொது வேலைநிறுத்தம் நடந்தது. அரிசிக் கப்பல் முதலில் வந்து நின்றதும் அங்கேதான், அது இறங்காவிட்டால் நாடு முழுவதும் பட்டினி என்பதும் அங்கே எல்லாருக்கும் தெரியும். துறைமுகத்தில் நின்றவருக்குக் கிடைத்த அந்த வலிமை, அதே அரிசியின் கடைசி மூட்டைக்காக மலை உச்சியில் காத்திருந்தவருக்குக் கிடைக்கவில்லை.

மீட்சிக்குள் இன்னொரு போர்

ஆக்கிரமிப்பு முடிந்து மூன்றே ஆண்டுகளில், 1948 ஜூனில், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை இறுதியில்தான் நீங்கியது. பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் 1950 முதல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். பெருந்தொகையான தோட்டத் தொழிலாளரின் குடியிருப்புகளும் முள்வேலிக்குள் ஒருங்கு சேர்க்கப்பட்டன. உணவு கெரில்லாக்களிடம் போய்ச் சேராமல் தடுக்க அரிசி மீண்டும் அளந்து கொடுக்கப்பட்டது. காட்டோரத்து மலைத் தோட்டங்களுக்கு இது பழைய பயத்தின் தொடர்ச்சி. தானா ராத்தாவில் 1948இல் மீண்டும் திறந்த ஆங்கிலேயப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளி 1950இல் மூடப்பட்டது, இம்மலை எவ்வளவு பாதுகாப்பற்றதாகக் கருதப்பட்டது என்பதற்கு அடையாளம். துரைமாரின் பிள்ளைகளை வேறிடம் அனுப்பிவிடலாம். லயத்துப் பிள்ளைகள் அங்கேயே இருந்தார்கள்.

மீட்சி எந்த ஆண்டில் முடிந்தது என்று எல்லை குறிப்பது இதனால்தான் கடினமாகிறது. நிர்வாகப் பார்வை 1947ஐச் சொல்லும், சங்க வரலாறு 1954ஐச் சொல்லும், குடியுரிமைப் பார்வை 1957ஐச் சொல்லும். அன்றாட வாழ்வை வைத்துப் பார்ப்பவருக்கோ 1941 முதல் 1960 வரை ஒரே நீண்ட தட்டுப்பாட்டுக் காலமாகவும் தெரியலாம். அதை ஆக்கிரமிப்பு, மீட்சி, அவசரகாலம் என்று மூன்றாக வெட்டுவது அரசுகளின் வசதிக்கானது என்ற வாதத்துக்கு இடமிருக்கிறது.

மதிப்பீடு

ஐந்து விடைகளில் எதையும் முழுமையாகத் தள்ள முடியாது. ஒவ்வொன்றும் மீட்சி என்று வேறொன்றை எண்ணுகிறது. நிர்வாகத்துக்கு விளைச்சல், தொழிலாளர் வரலாற்றுக்கு உரிமை, நினைவு எழுத்துக்கு இறந்தவர், குடியேற்ற வரலாற்றுக்கு இடம், பெண்ணிய ஆய்வுக்கு வீடு. இவை ஒரே நேரத்தில் மீளவில்லை என்பதே கேமரன் மலை தரும் பாடம். தோட்டம் முதலில் மீண்டது. குடும்பம் அந்தத் தோட்டத்தின் வேகத்துக்குத் தன்னை வளைத்துக்கொண்டது. உரிமை இவற்றுக்குப் பின்னால் வந்தது. இறந்தவருக்கான மரியாதை இன்னும் வந்துகொண்டிருக்கிறது. இந்த வரிசை தொழிலாளர் தேர்ந்தெடுத்தது அல்ல. மீட்சி வெற்றி என்று பேசும் எவரும் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

திறந்திருக்கும் கேள்விகள் பல. தேயிலை மலைகளிலிருந்து ரயில் பாதைக்குப் போனவர்களின் விகிதம் ரப்பர் தோட்டங்களின் விகிதத்தை ஒத்ததா என்பது முதற்கேள்வி. பயிரின் காலச்சுழற்சி சங்க வளர்ச்சியை எந்த அளவுக்குத் தீர்மானித்தது என்பது அடுத்தது. அதைத் தீர்க்க, இலங்கை, நீலகிரி, கேமரன் மலை ஆகிய மூன்று தேயிலைப் பகுதிகளையும் 1945க்குப் பிந்தைய பத்தாண்டில் அருகருகே வைத்துப் பார்க்கும் ஒப்பாய்வு உதவும். முதல் இரண்டும் ஆக்கிரமிப்பைக் காணாதவை என்பதால், ஆக்கிரமிப்பு மட்டும் செய்த மாற்றம் எது என்பதை அப்போது பிரித்தறியலாம். இலங்கை மலையகத் தமிழர் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டதை நினைத்தால், உரிமையிழப்புக்கு அந்நியப் படையெடுப்பு தேவையில்லை என்பதும் அவ்வொப்பீட்டில் நினைவில் நிற்க வேண்டும். மூன்றாவது, குடியேறிப் பத்தாண்டே ஆன சமூகம் போரைச் சந்தித்தபோது உறவுமுறை, சாதி, திருமணம் ஆகியவற்றை எப்படிப் புதிதாகக் கட்டிக்கொண்டது என்பது.

இக்கேள்விகளுக்கான சான்றுகள் இரண்டு இடங்களில் இருக்க வாய்ப்புண்டு. ஒன்று, பகாங், பேராக் என்று இரு மாநில நிர்வாகங்களிலும் சிதறிய ஆவணங்கள், தோட்டங்களின் சம்பளப் பேரேடுகள், தமிழ்ப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள். மற்றொன்று, மலையில் பிறந்து இன்று எண்பதைக் கடந்தவர்களின் நினைவு. பேரேடு இன்னும் சில காலம் அலமாரியில் தாங்கும், நினைவு தாங்காது. ஆகவே எதை முதலில் செய்ய வேண்டும் என்பதில் தயக்கத்துக்கு இடமில்லை. வாய்மொழி வரலாற்றைத் தமிழிலேயே, அவர்கள் பேசும் தமிழிலேயே பதிவு செய்வது ஆய்வாளருக்கும் மலேசியத் தமிழ் நிறுவனங்களுக்கும் உடனடிப் பணி. மற்ற விவாதங்கள் எல்லாம் அந்தப் பதிவின் மேல் நின்றால்தான் உறுதிப்படும்.